ஓர் இரவில் காயுமா?

வெளிநாட்டில் நெடுந்தூரம் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்கள் மாதக்கணக்கில் விவாதிப்பது சைக்கிளைப் பற்றித்தான். சட்டம் எஃகா அலுமினியமா, பின்சக்கரத்தில் எத்தனை பல், டயர் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கிறார்கள். துணிமணி மட்டும் கிளம்புவதற்கு முந்தைய இரவில், அலமாரியில் கைக்கு எட்டியதைப் பையில் திணிப்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. பையின் பருமனில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. எத்தனை துணி வேண்டும் என்பதோ ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: மாலையில் அலசிப் போட்டது மறுநாள் காலைக்குள் காயுமா? இதற்கு விடை சொல்லத் தேவையான அறிவு திருப்பூரில், ராயபுரம் மாதிரியான பனியன் கம்பெனித் தெருக்களில், நிறையவே இருக்கிறது. ஆனால் அதே ஊரின் வெயிலும் காற்றும் அந்தக் கேள்விக்குத் தவறான விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. இந்த முரணை விளங்கிக்கொண்டால் பாதிப் பை தானாகக் கட்டப்பட்டுவிடும்.

முதலில் உடம்பின் கணக்கு. சுமையோடு சமதளத்தில் நிதானமாக மிதிக்கும் ஒருவர் மிதிகட்டைக்கு ஏறத்தாழ 100 வாட் திறன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனிதத் தசை, தான் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் வேலையாக மாற்றும். ஆக உள்ளே எரிவது 450 வாட்; அதில் 350 வாட் வெறும் வெப்பம். ஒரு கிராம் வியர்வை தோலில் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. அந்த 350 வாட்டையும் வியர்வையே வெளியேற்றுவதென்றால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வியர்த்து ஆவியாக வேண்டும். வெயில் ஏறிய நாளில், ஏற்றத்தில், இது இரண்டு மடங்கும் ஆகும். ஆறு மணி நேரம் மிதித்தால் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் அந்த ஒரு பனியன் வழியாகப் போகிறது. நீர் போய்விடும், உப்பு துணியிலேயே தங்கும். உலர்ந்த உப்பு தோலை உராய்கிறது, காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது. ஈரத்தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாகத் துணியோடு ஒட்டி உரசும். சீட்டில் உட்காரும் இடத்தில் கொப்புளமும் மயிர்க்கால் சீழும் வருவது இந்த உப்பும் ஈரமும் கிருமியும் சேர்ந்துதான். நாள்தோறும் பயணத்தை நிறுத்தும் கோளாறுகளில் பஞ்சருக்கு அடுத்து இதைத்தான் வைக்க வேண்டும். எனவே தினமும் துவைப்பது பழக்கவழக்கப் பிரச்சினையே இல்லை, வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போடுவது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம்.

துவைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். காய்வதற்குத்தான் இரவு முழுக்கத் தேவைப்படுகிறது. பருத்தி காயாது, பாலியஸ்டர் உடனே காயும் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையில் 100 கிராம் உலர்ந்த பருத்தி காற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிராம் நீரைத் தன் இழைக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளும்; கம்பளி இழை 16 கிராம் அளவுக்கு; பாலியஸ்டர் அரைக் கிராம்கூட இல்லை. ஆனால் வாளியில் முக்கி எடுத்த துணியில் இருக்கும் நீரில் பெரும்பகுதி இழைக்குள் இருப்பதில்லை, இழைக்கும் இழைக்கும் நடுவே, கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே நிற்கிறது. அந்த இடைவெளியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது துணியின் தடிமனும் பின்னலும். அதனால்தான் தடித்த பாலியஸ்டர் ஃபிளீஸ் மேல்சட்டை, மெல்லிய பருத்திப் பனியனைவிட மெதுவாகக் காய்வதைப் பார்க்கிறோம். இழையின் பெயரை முதலில் கேட்பவர் இரண்டாவதாகக் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்.

முதலில் கேட்க வேண்டியது ஜிஎஸ்எம். திருப்பூரில் இந்தச் சொல் தெரியாத வீடு குறைவு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. வட்டமான கட்டர் ஒன்றை வைத்துத் திருகி 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, தராசில் வைத்து, வந்த எடையை நூறால் பெருக்கினால் விடை. 40ஆம் நம்பர் என்ற மெல்லிய நூலில் சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல் போட்டால் 120க்குப் பக்கத்தில் நிற்கும். 30ஆம் நம்பரில் 140, 150. இண்டர்லாக் என்றால் இரண்டு முகமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட இரட்டைப் பின்னல், 200ஐத் தாண்டுவதும் சாதாரணம். கையில் தொட்டால் இண்டர்லாக்தான் வழவழப்பாக, கனமாக, காசுக்கு மதிப்பாகத் தெரியும். கடைக்காரரும் அதைத்தான் நல்ல சரக்கென்று நீட்டுவார். காய வேண்டிய நேரத்தில் அந்தத் தடிமனே எதிரி: தாங்கும் நீர் அதிகம், உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புக்கு வரும் வழியும் நீளம். ஒரே சட்டையில்கூடக் கழுத்து ரிப்பும், கையிலும் அடியிலும் மடித்துத் தைத்த இடமும்தான் கடைசியாகக் காயும். அங்கே துணி இரண்டு மூன்று அடுக்காக இருக்கிறது, ஓவர்லாக் தையலின் நூலும் சேர்ந்துகொள்கிறது. பயணத்துக்குரிய சட்டையில் காலர், பை, தடித்த பட்டி எதுவும் வேண்டாம் என்று சொல்வதற்கு அழகியல் காரணம் எதுவும் கிடையாது. தையலைத் தட்டையாகப் படியவிடும் பிளாட்லாக்கை அக்குளிலும் தொடையிடுக்கிலும் கேட்டு வாங்குவதும் அழகுக்காக இல்லை, தையல் தோலை உரசாமல் இருக்கத்தான்.

இப்போது திருப்பூர் எங்கே வழிதவற வைக்கிறது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மாடிக் கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். துணி காய்வது துணியின் குணம் என்று அங்கே வளர்ந்தவருக்குத் தோன்றுவது இயல்பு. உண்மையில் அது காற்றின் குணமும்கூட. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்கும். பங்குனி மாத நண்பகலில் ஈரப்பதம் 35 விழுக்காடு என்று கொண்டால், அந்தக் காற்றில் இன்னும் 25 கிராமுக்கு இடம் இருக்கிறது. ஐரோப்பாவின் மழைக்கால மாலை ஒன்றில் 10 டிகிரி, 80 விழுக்காடு என்று கொள்ளுங்கள்: அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் தாங்கும் மொத்த நீராவியே 9.4 கிராம்தான், மிச்ச இடம் 2 கிராமுக்கும் குறைவு. பிழிந்த பனியனில் 120 கிராம் நீர் இருந்தால், திருப்பூர் மாடியில் ஐந்து கன மீட்டர் காற்று அதை வாங்கிப் போய்விடும். அந்த ஐரோப்பிய மாலையில் அறுபது கன மீட்டருக்கு மேல் அதன்மீது வீசிக் கடக்க வேண்டும். ஆவியாகும்போது துணியும் சுற்றியுள்ள காற்றும் மேலும் குளிர்வதால் உண்மையான நிலை இதைவிட மோசம்.

குளிர் நாட்டுக்குப் போகாமல் கொழும்பு, பாங்காக், ஹோ சி மின் நகரம் என்று சூடான பக்கமாகப் போனால் தப்பிவிடலாமா? முடியாது என்பதுதான் பலரும் எதிர்பாராத செய்தி. 28 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள கடலோர இரவில் ஒரு கன மீட்டர் காற்றில் மிச்சமிருக்கும் இடம் 3 கிராமுக்கும் குறைவு. வெப்பத்தால் வேர்க்கிறது, ஆனால் துணியைப் பொறுத்தவரை அது ஐரோப்பிய மழை மாலைக்குப் பக்கத்து வீடு. கூடாரத்தில் தங்குகிறவருக்கு இன்னொரு தொல்லை. ஓர் ஆள் படுக்கும் கூடாரத்தின் உள்ளே இரண்டு மூன்று கன மீட்டர் காற்றுதான் இருக்கும். தூங்குகிறவர் மூச்சாலும் தோலாலும் எட்டு மணி நேரத்தில் இருநூறு முந்நூறு கிராம் நீராவியை அதற்குள் விடுகிறார். அந்தக் கூடாரத்துக்குள் துணி காயப்போடுவது வீண்வேலை. சரி, வெளியே கட்டலாம் என்றால் மேகமில்லாத இரவில் துணி வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, பனித்துளியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். மாலையில் பாதி காய்ந்திருந்தது விடியற்காலையில் சொட்டச்சொட்ட இருக்கும். கூரை உண்டு, சுவர் இல்லை, காற்று ஓடுகிறது என்ற மாதிரி இடம் கிடைத்தால் அதுதான் நல்ல இடம். பொழுது சாய்வதற்குள் அங்கே கட்டிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் பிழிவதில் லாபம் பெரிது. நீரை ஆவியாக்குவதற்குக் கிராமுக்கு 2,400 ஜூல் செலவாகிறது. இயந்திர விசையால் வெளியேற்ற அதில் மிகச் சிறு பங்கு போதும். சாயப்பட்டறையில் உலர்த்தியில் விடுவதற்கு முன்பு துணியைச் சுழற்றிப் பிழிந்து எடுப்பது இந்தக் கணக்கால்தான், விறகுச் செலவு மிச்சமாகும். பயணத்தில் சுழல் இயந்திரம் கிடையாது, ஒரு மெல்லிய துண்டு உண்டு. ஈரப் பனியனைத் துண்டின் மேல் விரித்து, பாய் போலச் சுருட்டி, இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கினால், கையால் பிழிந்து நின்றுபோன பிறகும் துணிக்குள் இருந்த நீரைத் துண்டின் நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே துண்டு குளிப்பதற்கு மட்டும் எடுத்துப்போகும் பொருளாக இருக்கக்கூடாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். துணி காய்வதற்கு ஏன் இவ்வளவு கவலை, நாலு பனியன் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போயிற்று, தலா 150 கிராம் சுமையால் என்ன கெட்டுப்போகும்? எடையைப் பற்றி இந்த மறுப்பு சொல்வது சரி. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ, திறன் 100 வாட் என்றால் 1,000 மீட்டர் உயரம் ஏற, மற்ற தடைகளைச் சேர்க்காமல், 2 மணி 43 நிமிடம் ஆகும். ஒரு கிலோ கூடினால் அதில் கூடுவது 98 வினாடி. சமதளத்தில் அதுகூடத் தெரியாது. கிராம் கிராமாக எடை குறைக்கிறோம் என்று பல்துலக்கியின் பிடியை அறுப்பவர்களை நான் பின்பற்றச் சொல்லமாட்டேன். ஆனால் வெளிநாட்டுப் பயணத்தில் எடையை முதலில் பார்ப்பது மலை இல்லை, விமான நிலையத் தராசு. பல நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரம்பு. சுமை தாங்கும் எஃகுச் சைக்கிள் 14 கிலோ, அட்டைப்பெட்டியும் பொதிபொருளும் நாலு கிலோ என்றால் மிச்சம் ஐந்து கிலோதான். அதற்குள் கூடாரம், கருவிகள், உதிரி டியூப் எல்லாம் வர வேண்டும். இரண்டாவது, கூடுதல் துணி பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. தினம் ஒன்று காயாமல் சேர்ந்தால் ஐந்தாம் நாள் பையில் ஐந்து ஈரத்துணி இருக்கும். ஒவ்வொன்றும் தன் எடைக்கு நிகரான நீரைச் சுமந்து, பக்கத்தில் இருப்பதையும் நனைத்து, நாற்றமும் எடுக்கும். மூன்றாவது பருமன். எதிர்காற்றில் தடையை உண்டாக்குவது பையின் அகலம். காற்றுத்தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், எதிர்காற்று நாளில் உப்பிய பை தன் எடையைவிட அதிகமாகவே வருத்தும்.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது, திருப்பூருக்கு உரியதும்கூட. நம் நாட்டு வெயிலுக்குப் பருத்திதான் இதம், தலைமுறைகளின் அனுபவம் அதைத்தானே சொல்கிறது? வறண்ட வெப்பத்தில் அது உண்மை. வியர்வையைத் தாங்கி நிறுத்தி மெல்ல ஆவியாக்கும் பருத்தி, ஈரான் பாலையிலோ ராஜஸ்தானிலோ உடம்புக்கு நல்ல துணை. அந்த இதம் ஒரே இடத்தில் நிற்கிறவருக்கு உரியது என்பதுதான் சிக்கல். கணவாய் ஒன்றின் உச்சியில் சைக்கிளை நிறுத்துகிற நொடியில் உடம்பின் வெப்ப உற்பத்தி 450 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் பக்கத்தில் இறங்குகிறது. ஆனால் பனியனில் சேர்ந்த நீர் ஆவியாவதை நிறுத்துவதில்லை, தொடர்ந்து உடம்பிலிருந்து வெப்பத்தைப் பிடுங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் காற்றில், மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கத் தொடங்கினால், காற்றைவிட இருபத்து நாலு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் நீர் தோலை ஒட்டியே இருக்கிறது. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரல்கள் மரத்துப்போவது இந்த நேரத்தில்தான். தோலோடு ஒட்டும் துணி குறைவாக நீர் தாங்குவதாக, தாங்கிய நீரை அகலமாகப் பரப்பிவிடுவதாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் இழையின் குறுக்குவெட்டில் வாய்க்கால் போல் பள்ளம் அமைத்து நீரை நுண்புழை விசையால் ஓடவைக்கும் உத்தி இதற்காகவே வந்தது. டூபான்ட் 1986இல் கொண்டுவந்த கூல்மேக்ஸ் அந்த வகை. எனவே பருத்தியை விலக்கச் சொல்லவில்லை. மிதிக்கும்போது தோலை ஒட்டி அது வேண்டாம், இரவில் உடுத்த ஒரு மெல்லிய பருத்திப் பனியனைப் போல் சுகமானது வேறு இல்லை.

செயற்கை இழைக்கு எதிராக இரண்டு உண்மையான குறைகள் உண்டு. ஒன்று நாற்றம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 26 பேரை ஒரு மணி நேரம் உடற்பயிற்சிச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை 28 மணி நேரம் வைத்திருந்து சோதித்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற கிருமியினம் பாலியஸ்டரில் செழித்திருந்தது. தோலின் எண்ணெய் அந்த இழையில் ஒட்டிக்கொள்வதும் சேர்ந்துகொள்கிறது. இதற்குத் தீர்வு வேறொரு துணியைத் தேடுவதில் இல்லை; 28 மணி நேரம் வைத்திருக்காமல் அன்றன்றே அலசுவதில் இருக்கிறது, சீக்கிரம் காயும் துணிதான் அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டாவது குறை கனமானது: ஒவ்வொரு அலசலிலும் நுண்ணிழைகள் உதிர்ந்து ஓடையிலும் ஆற்றிலும் சேர்கின்றன. இதை மறைக்க முடியாது. பருத்தியும் களங்கமற்றதில்லை என்பதை திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைவிட நன்றாக எது சொல்லும்? சாயக்கழிவால் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. அதற்குப் பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு ஊர் பெரும் செலவில் மாறியிருக்கிறது. உலக இழை உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கு செயற்கை இழையாக இருக்கையில், திருப்பூரின் ஏற்றுமதி இன்னும் பெரும்பாலும் பருத்தியே. மெல்லிய பருத்தி, பருத்தியோடு பாலியஸ்டர் கலந்தது, முழுப் பாலியஸ்டர் மூன்றையும் ஒரே பின்னலில் ஒரே ஜிஎஸ்எம்மில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உள்ள ஊர் அது. குறைவான துணியை எடுத்துப்போய் நீண்டகாலம் உடுத்துவது இரண்டு குறைக்கும் ஓரளவு ஈடு.

குறைவாக எடுத்துப்போக முடியுமா என்ற ஐயத்துக்கு வரலாறு பதில் சொல்கிறது. 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய முன்சக்கர வண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ், காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி என்ற அளவில் பையைக் கட்டினார். மழைக்கோட்டே கூடாரம், அதுவே படுக்கை. 1886இல் நம் நாட்டின் வடபகுதி வழியாகவும் போய் யோகஹாமாவில் முடித்தார். 1894இல் அதேபோல் உலகைச் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி, 42 பவுண்டு வண்டியோடும் நீண்ட பாவாடையோடும் தொடங்கி, சிகாகோவில் இரண்டையும் மாற்றினார்: வண்டி பாதி எடையானது, பாவாடை இருந்த இடத்தில் கால்சட்டை வந்தது. கொழும்பைத் தொட்டுப் போன பயணம் அது. மும்பையிலிருந்து 1923இல் கிளம்பி 1928இல் திரும்பிய அதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பும்காரா மூவரும் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரை நவீன இழை எதுவும் பிறப்பதற்கு முன்பே மிதித்தார்கள். அவர்களால் முடிந்ததென்றால் நமக்கு ஏன் இந்தக் கணக்கெல்லாம் என்று கேட்கலாம். காயாத துணியின் துன்பத்தை அவர்கள் சுமந்தார்கள். நாம் சுமக்கத் தேவையில்லாமல் அறிவு வளர்ந்திருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எண்ணிக்கையை நிர்ணயிப்பது பையில் இருப்பவற்றிலேயே மிக மெதுவாகக் காயும் துணிதான் என்பது தெளிவாகும். அது பேடு வைத்த சைக்கிள் கால்சட்டை. நுரை அட்டை தடிமனானது, உள்ளிருந்து நீர் வர நேரம் பிடிக்கும், ஈரமாகப் போட்டால் புண் நிச்சயம். அதில் இரண்டு, ஈரம் மிகுந்த நாடென்றால் மூன்று. உட்புறத்தை வெளியே திருப்பிப் பேடு காற்றைப் பார்க்கக் கட்ட வேண்டும், உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். மிதிக்கும் பனியன் 120 ஜிஎஸ்எம்மில் இரண்டு போதும். குளிருக்குத் தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல், நடுவில் சிக்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. இலேசான ஈரத்தை உடம்புச் சூட்டிலேயே காயவைக்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்து செய்ய வேண்டும்: நூறு கிராம் நீரை ஆவியாக்க 240 கிலோ ஜூல், படுத்திருக்கும் உடம்பு ஐம்பது நிமிடத்தில் உண்டாக்கும் மொத்த வெப்பம். வெதுவெதுப்பான இரவில் பரவாயில்லை, பனி இரவில் கூடாது.

கிளம்புவதற்கு முன் சோதிப்பதும் எளிது. மாடிக் கொடியை விட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்த ஓர் இரவு, மின்விசிறி போடாத அறை, சமையலறைத் தராசு போதும். ஒவ்வொரு துணியையும் உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, நனைத்து, துண்டில் சுருட்டி முறுக்கி, மறுபடி நிறுத்து, இரவு எட்டு மணிக்குக் கட்டுங்கள். காலை ஆறு மணிக்கு மூன்றாவது முறை நிறுத்தால் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் நீரை விட்டது என்பது எண்ணாகவே கையில் வந்துவிடும். உலர்ந்த எடைக்குப் பத்து கிராம் நெருக்கத்தில் வந்தவை பைக்குப் போகலாம். வராதவற்றில் கழுத்துப் பட்டியும் அடிமடிப்பும் மட்டும் ஈரமாக இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து அவற்றைக் குறைக்க முடியும். உடற்பகுதியே ஈரமாக இருந்தால் பின்னலை மாற்ற வேண்டும், இண்டர்லாக்கிலிருந்து சிங்கிள் ஜெர்சிக்கு. அதற்கு ராயபுரத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. காதர்பேட்டை மொத்தக் கடைகளில் ஜிஎஸ்எம் சொல்லிக் கேட்டால் எடுத்துப் போடுவார்கள்.